அருளப்பரின் இடம்

என் வயதுப் பெண்டுகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முழங்காலில் நிற்க ஏலாமல், கோயிலில் இடதுபக்கக் கதிரைகளில் இருந்தபடியே பூசை காண்கிற உங்களுக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேருக்கு நடுவில் எனக்கு வாயே திறக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். தாளுக்கு முன்னால் எனக்கு அந்த வெட்கம் இல்லை. எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்தித் தருவாள். சொல்கிற சங்கதியை ஒருவரும் திருத்த வேண்டாம்.

போன மாதம் நம்முடைய பெடியன்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? பட்டணத்திலிருந்து வந்த அந்தத் தம்பி நன்றாகத்தான் பேசினார். ஆண்பிள்ளை எப்படிக் கிறிஸ்தவ ஆண்மகனாக வளர வேண்டும் என்று பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார். தலைமை தாங்க வேண்டும். கண் கலங்கக் கூடாது. வீட்டுக்குள்ளே பெண்ணின் வேலை, வீட்டுக்கு வெளியே ஆணின் வேலை, அப்படித்தான் ஆண்டவர் பிரித்து வைத்தார் என்றார். பெடியன்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் பின்னால் நின்று தேத்தண்ணி ஆற்றினோம். "பெரியவங்க ஆராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. ஆண்டவர் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. ஒரு பெடியன் ஆண்மகன் ஆனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதற்கு ஒரு தபசு காலத்தின் நாற்பது நாள் எடுத்தது. அவன் என் அண்ணன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரிய வெள்ளம் வந்து வடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீடும் வளவும் ஆற்றங்கரையில். வாவி என்று புத்தகத்தில் போடுகிறார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். முன்னால் ஆறு, பின்னால் நடந்துபோகிற தூரத்தில் கடல், நடுவில் தென்னையும் மணலும் கோயிலும். அப்பா மரவேலை செய்கிறவர். ஊரில் எல்லோரும் அவரை ஓடாவியார் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் எப்போதும் பூவரசந்தூள் வாசம் அடிக்கும். அந்த வருஷம் குருக்கள்மடம் என்கிற ஊரில் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்.

சேசுநாதர் சீஷர்களின் காலைக் கழுவினதை நினைத்து, பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் கால் கழுவுகிற சடங்கு எங்கள் கோயிலுக்கு வந்து அப்போது மூன்று நாலு வருஷம்தான் இருக்கும். ஆனால் உலகம் உண்டான நாளிலிருந்தே இருக்கிற மாதிரி கோயில் மூப்பர் அதற்குச் சட்டம் போட்டு வைத்திருந்தார். பீடத்துக்கு முன்னால் இரண்டு நீள வாங்குகள், ஒன்றில் ஆறு பேர். பன்னிரண்டு அப்போஸ்தலர். பதினொரு பேர் கலியாணம் முடித்த பெரிய மனிதர்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் பதினெட்டு வயதுப் பெடியன். சீஷர்களில் இளையவர் அருளப்பர் என்கிற யோவான் அல்லவா, அது அவருடைய இடம். அந்த இடத்தில் இருந்து சாமியாரிடம் காலைக் கொடுத்துவிட்டு எழும்புகிறவன் அன்றிலிருந்து பெரிய ஆள். கோயில் கூட்டத்தில் ஆண்களோடு இருக்கலாம், சுரூபம் தூக்கலாம். பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்கூட "அருளப்பர் இடத்தில இருந்த பெடியன்" என்று சொல்லித்தான் கதையைத் தொடங்குவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுவப்போகிற காலை அதற்கு முன்னமே கழுவி வைக்கிற ஊர் எங்கள் ஊர். சாமியார் அழுக்கைப் பார்த்துவிடக் கூடாதாம். மூப்பர் ஆளைச் சொல்லிவைத்த நாளிலிருந்து பன்னிரண்டு பேரும் பின்னேரங்களில் செங்கல் துண்டும் தென்னந்தும்பும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்திவிடுவார்கள். குதிவெடிப்புக்கு விளக்கெண்ணெய், நகத்துக்குத் தேசிக்காய்ச் சாறு. அப்பா ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டில் ஒருவர். அந்த வருஷம் அருளப்பரின் இடம் அண்ணனுக்கு என்று மூப்பர் சொல்லியிருந்தார். அப்பனும் மகனும் ஆளுக்கொரு செங்கல்லோடு கிணற்றடியில் இருந்ததைப் பார்த்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேரும் தேய்க்கிற தேய்ப்பில காலே இல்லாமப் போகப்போகுது. பொறகு சாமியார் என்னத்தைக் கழுவுறது?" அப்போது அவளுக்கு நிறைமாதம்.

அண்ணனைப் பெரிய புனிதன் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பிட்ட கோப்பையை எடுத்து வைக்கத் தெரியாது. அப்பாவோடு வேலைக்குப் போவான், உளியைத் தொலைத்துவிட்டு வருவான். வாய் மட்டும் முழத்துக்கு இருக்கும். ஆனால் அந்த இடத்தை அவன் உண்மையாகவே ஆசைப்பட்டான். படுக்கப் போகும்போது, "தங்கச்சி, சாமியார் காலை முத்தமிடுற நேரம் எனக்குக் கூச்சம் வந்து சிரிச்சிட்டா என்ன செய்யிற?" என்று கேட்பான். அது அவனுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

தபசு காலத்தின் இரண்டாம் கிழமையில் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. தம்பி. மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது.

சேசுநாதரைக் கும்பிடுகிற சனத்துக்குத் துடக்கு என்ன, தீட்டு என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் கேட்காதீர்கள். உங்கள் வீடுகளிலும் இருந்தது. ஆண்களுக்கு மூன்றாம் நாள் தலைமுழுகினால் தீர்ந்துவிடும். பெற்றவளுக்கும் அவள் துணியைத் தொட்டவர்களுக்கும் நாற்பத்தொரு நாள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பக்கத்து வளவில்தான் இருந்தா. அந்த வருஷம் வியாகுல மாதாவுக்குக் கறுப்பு அங்கி தைக்க நேர்த்தி வைத்திருந்தா. அதனால் எங்கள் படலைக்கு உள்ளே வரமாட்டா. பெற்றவளுக்கென்று வைத்த சரக்குக் கறியைச் சட்டியோடு வேலிக்கட்டையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, "எடுகா புள்ள, சூடு" என்பா. நான் எடுத்தபிறகுதான் திரும்பிப் போவா. அழுதுகொண்டு போவா. அதையும் சொல்ல வேண்டும். அவவுக்கு அன்பில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பேற்றுத் துணி எடுத்து வெளுக்கிற அக்கா ஒருத்தி எங்கள் ஊருக்கு இருந்தா. அவவின் சாதிதான் அதைத் தொட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த மாதம் பார்த்து அவ தன் மகளுடைய பேற்றுக்குச் சித்தாண்டிக்குப் போயிருந்தா. எங்கள் துணிகள் அறை மூலையில் கிடந்தன. கிழித்த பழஞ்சீலைகள். முதலில் சிவப்பு, பிறகு மண்ணிறம், பிறகு ஈ. வேப்பிலைப் புகையும் உள்ளி வறுத்த வாசமும் அந்த வாடையை மூடவில்லை. இப்போது எழுதும்போதும் என் மூக்கில் நிற்கிறது.

காய்ச்சல் கண்ட மறுநாள், பேறு பார்க்கிற மிட்வைப் அம்மா சைக்கிளில் வந்தா. உள்ளே போனவ அதே வேகத்தில் வெளியே வந்தா. முற்றத்தில் அப்பா நின்றார், அண்ணன் நின்றான், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தச் சீலை மூட்டைய ஆர் அங்க வெச்ச? அதோட அந்தப் பொம்புள கிடந்தா இந்தக் கிழமையே புதைக்க வேண்டி வரும். ஒவ்வொரு நாளும் அலசி, அவிச்சி, வெயில்ல போட்டு எடுக்கணும். ஆர் செய்வீங்க?"

"வெளுக்கிற ஆள் வரல்ல" என்றார் அப்பா.

"ஆள் வரும்வரைக்கும் காய்ச்சல் பாத்துக்கொண்டு நிக்குமா ஓடாவியார்? இந்த வீட்டில கையும் காலும் உள்ள ஆக்கள் ஆர் ஆர்?"

அப்பா வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் கையைத் தூக்கினேன். மிட்வைப் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டா. அண்ணன் தன் கைகளைப் பார்த்தான். முன்னும் பார்த்தான், பின்னும் பார்த்தான், முதல்தரம் பார்க்கிறவன் போல.

"வாளி எங்க இரிக்கி, தங்கச்சி?" என்றான்.

கிணற்றில் அலசக் கூடாது. ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கிற கிணறு. ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆற்றங்கரையில், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்ணா மரங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டைக்கல் கிடந்தது. பெரிய வழியும் அந்தக் கரையோரமாகத்தான் போகிறது. முதல் இரண்டு நாளும் விடிகிற நேரம் போனோம். என்னை வழியில் காவல் வைத்தான். "ஆரும் வந்தாச் செருமு" என்றான். எனக்குச் செருமவும் வெட்கம். கல்லை எடுத்து ஆற்றில் போடுவேன். முதல்நாள் அவன் சீலையை விரித்த உடனே கரைக்கு ஓடி வாந்தியெடுத்தான். திரும்பப் போனான். திரும்ப வாந்தி. மூன்றாம்தரம் முட்டளவு தண்ணீரில் நின்று அலசிக்கொண்டே அழுதான். வெட்கத்தில் அழுதானா, அம்மா செத்துப்போவாள் என்று அழுதானா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கலங்கக் கூடாது என்று பலகையில் எழுதின தம்பி அந்தக் கல்லடியில் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. பெரியம்மா வேலிக்கட்டையில் வைத்துவிட்டுப் போன மஞ்சள் பார் சவுக்காரத்தை நூலால் அறுத்து அறுத்து, அந்த மாதத்துக்குள் முடித்துவிட்டோம். அதன்பிறகு அடுப்புச் சாம்பல். அவித்தெடுத்த துணியைத் தென்னைகளுக்கு நடுவில் கொடி கட்டிப் போடுவான். காய்ந்ததை நான் மடித்து உள்ளே கொண்டுபோவேன்.

மூன்றாம் நாள், "இனிக் காவல் வேணாம்" என்றான்.

"ஆக்கள் பாப்பாங்களே அண்ணன்?"

"பாக்கட்டும். இருட்டில ஊத்தை போகுதில்ல தங்கச்சி. வெளிச்சம் வேணும்."

பெடியன்கள் பார்த்தார்கள். விடுவார்களா? தூண்டிலோடு போன நாலு பேர் வழியில் வரிசையாக நின்று கைதட்டினார்கள். "மருத்துவிச்சி வாறா, வழிய விடுங்கடா!" இன்னொருவன், "எங்கட வீட்டிலயும் ஒரு பேறு இரிக்கி, வாறீங்களாகா?" என்று பெண்குரலில் கேட்டான்.

அண்ணன் வாளியைக் கீழே வைத்தான். "உன்ட அம்மாவுக்குத்தானேடா? வாறன். உன்னப் பெத்த கஷ்டத்துக்கு அந்த மனிசிக்கு ஆராவது என்னத்தையாவது செய்யத்தான் வேணும்."

மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் திரும்பி வரும்போது அவன் காது சிவந்திருந்ததை நான் கண்டேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் தணிந்த நாளில்தான் சங்கதி விளங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "உன்ன இதுக்காடா மனே நான் பெத்தன்?"

"அப்ப என்னத்துக்கு அம்மா பெத்தீங்க? சோறு தின்னவா? அதைத்தான் பதினெட்டு வருஷமாச் செஞ்சிட்டனே" என்றான் அண்ணன். அம்மாவின் முதுகு குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தபோது மூப்பர் என்னைத் தனியே கூப்பிட்டார். வெள்ளைச் சால்வை, வெற்றிலை போடாத சுத்தமான பல். மெத்த நல்ல மனிதர். வெள்ளத்தின்போது எங்களைத் தோணியில் ஏற்றினவரும் அவர்தான். அப்பாவை அவருக்கு விருப்பம், அண்ணனையும் விருப்பம்.

"புள்ள, பெடியனுகள் என்னமோ கதைக்கிறானுகள். உங்கட வீட்டுத் துடக்குச் சீலை அலசுறது நீதானேகா?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நீதான். எனக்குத் தெரியும். ஓமெண்டு தலைய ஆட்டினாக் காணும். ஆரும் கேட்டா நான் மறுமொழி சொல்லிக்கொள்ளுவன்."

தலையை ஆட்டினேன். அவர் என் உச்சியைத் தடவிவிட்டுப் போனார். அந்தப் பொய் என்னுடையது அல்ல, அவர் கொண்டுவந்து என் தலையில் வைத்தது. இது எனக்கு இப்போது விளங்குகிறது. ஒன்பது வயதில் விளங்கவில்லை. தபசு காலத்தில், சிலுவைப்பாதை முடிந்த கையோடு பொய் சொல்லிவிட்டேன் என்று இரவெல்லாம் பயந்து கிடந்து, மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எங்கள் சாமியார் வெள்ளைக்காரர். தமிழை எழுத்துக்கூட்டுகிற மாதிரிப் பேசுவார்.

"பிள்ளை, அண்ணனை நேசிக்கிறது பாவம் இல்லை. பொய் பாவம். யாரிடம் பொய் சொன்னாயோ, அவரிடம் போய் மெய் சொல். பரிகாரம், மூன்று அருள் நிறைந்த மரியாயே செபம்."

மரியாயை மூன்று அல்ல, முப்பது சொல்லியிருப்பேன். மூப்பரிடம் போய்ப் பேசுவது என்னால் ஆகாது. கல்லடியில் அண்ணனிடம் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சீலையைப் போட்டுவிட்டுக் கரையில் வந்து இருந்தான். ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணீரில் நின்று அவன் கால் விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. செங்கல்லால் தேய்த்த கால் அந்தக் காலா என்று கேட்க வேண்டும். அதைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"பெரிய வியாழன் முடியட்டுமே தங்கச்சி. இன்னும் ரெண்டு கிழமைதானே. அதுக்குப் பொறகு சொல்லலாம்."

"சரி அண்ணன்."

"மூப்பருக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உன்னத் தலையாட்டச் சொல்லியிருக்கார். அப்ப அது பொய்யுமில்ல."

"சரி."

காலைச் சொறிகிறதை நிறுத்தினான். பிறகு எழும்பி, கட்டியிருந்த சரத்தை உதறினான். "நாசமாப் போக" என்றான், யாரைச் சொன்னானோ தெரியாது. "நாளைக்குப் பூசை முடிய வா. நீ ஒண்ணும் பறைய வேணாம். நான் பறையிறன்."

பெண்டுகளே, தைரியம் என்று கொப்பியில் எழுதினார்களே, எனக்குத் தெரிந்த தைரியம் அந்த 'நாசமாப் போக' தான்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மூப்பரிடம் போனான்.

"மூப்பர், தங்கச்சி தலையாட்டினது பொய். அம்மாட சீலை அலசுறது நான். இண்டைக்குக் காலமயும் அலசினன்."

மூப்பர் நாலு பக்கமும் பார்த்தார். "நான் உன்னக் கேட்டனாடா?"

"கேக்கல்ல."

"கேக்காத கேள்விக்கு என்னத்துக்கு மறுமொழி சொல்றாய்? வாய வெச்சிக்கொண்டு இரிக்க ஏலாதா? உன்ட அப்பனுக்காக நான் கண்ண மூடினன்."

"அவளுக்குக் கண்ண மூட ஏலாமப் போச்சு மூப்பர். ரா முழுக்க முழிச்சிக் கிடந்தவள்."

மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "சரி. நடந்தது நடந்ததுதான். நாளையிலிருந்து தொடாத. தலைமுழுகிப்போட்டு வா. நானும் மறந்திருவன்."

"நாளைக்கு அம்மாக்கு ஆர் அலசுற? நீங்க வாறீங்களா?"

மூப்பரின் கை மேலே போனது. அங்கேயே நின்று இறங்கியது. "அருளப்பர்ர இடத்தில துடக்கோட ஒருத்தனையும் இருத்த ஏலாது" என்றார். அந்த ஒரு வசனத்தைச் சத்தமாக, எல்லோரும் கேட்கச் சொன்னார்.

அப்பா அந்தக் கூட்டத்துக்குள்ளே நின்றார். வீட்டுக்கு வந்துதான், "நாலு பேர்ர முகத்தில நான் முழிக்க வேணாமாடா?" என்று கேட்டார். அண்ணன் கொடியில் காய்ந்த சீலைகளை எடுக்கப் போனான். அன்று பின்னேரம் அப்பா செங்கல்லை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தனியே போனார்.

அடுத்த ஞாயிறு சாமியார் பன்னிரண்டு பெயரையும் வாசித்தார். கடைசிப் பெயர் மூப்பரின் தங்கை மகனுடையது. சாமியார் ஒருகணம் நிறுத்தினார், பிறகு தாளை மடித்துவிட்டார். நான் அவரை வெறுத்தேன். மெய் சொல் என்று அனுப்பிவிட்டு, எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து அவர் ஒரு சொல்லும் சொல்ல முடியாது, ஒரு விரலையும் அசைக்க முடியாது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவர் ஊரைவிட்டு மாறிப் போகும்போதும் நான் போய் அவர் கையை முத்தி செய்யவில்லை. அந்தப் பாவம் என்னுடையது, வைத்துக்கொள்கிறேன்.

யாரும் காத்திருக்க வேண்டாம் என்று இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் அந்த வாங்கில் ஒருநாளும் இருக்கவில்லை. அடுத்த வருஷம் மூப்பர் தானே வந்து கூப்பிட்டார். "வயசு கூடிப்போச்சு மூப்பர், பத்தொன்பது" என்று சிரித்துவிட்டான். கோயில் கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடவும் இல்லை. மச்சாளைக் கலியாணம் முடித்து, ஆறு பிள்ளைகளின் பீத்துணியையும் தன் கையால் அலசி, கடைசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து கிடந்த வருஷங்களிலும் அலசினான். செத்தபோது கோயிலில் நல்ல கணவன், நல்ல தகப்பன் என்றெல்லாம் சொன்னார்கள். துணி அலசினதை ஒருவரும் சொல்லவில்லை. அதை மறைத்துவிட்டு அவனைப் புகழ்ந்தால் எனக்கு அது புகழ் இல்லை.

அந்தப் பெரிய வியாழனைச் சொல்லி முடிக்கிறேன்.

பின்னேரப் பூசை. அம்மா தேறிவிட்டாள், ஆனால் எழும்பி நடக்க இன்னும் காலம் இருந்தது. "துணி சுத்தமா இருந்தபடியாத்தான் இவ தப்பினா" என்று மிட்வைப் அம்மா வேலிக்கு அப்பால் நின்ற பெரியம்மாவுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போயிருந்தா. அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. நான் அப்பாவோடு போனேன். மணி அடித்து ஓய்ந்தது. இனிச் சனிக்கிழமை வரைக்கும் மணிக்குப் பதிலாக மரக்கட்டைதான் தட்டுவார்கள். சாமியார் இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வந்தார். அப்பா ஏழாவது ஆள். அப்பாவின் கால் வெள்ளையாக, வழவழவென்று, பிள்ளையின் கால் மாதிரி இருந்தது. சாமியார் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். அப்பா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பூசை முடியும்வரை அதையேதான் பார்த்தார். பன்னிரண்டாவது இடத்தில் மூப்பரின் தங்கை மகன் சிரிப்பை அடக்க முடியாமல் தோளைக் குலுக்கினான்.

பூசைக்குப் பிறகு, இராத்திரி ஆராதனைக்கு யார் எப்போது நிற்பது என்று முறை வைப்பார்கள். அப்பா அதற்கு நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை வழியால் நடந்தார். பொழுது விழுகிற நேரம். பின்னால் மரக்கட்டைச் சத்தம் கேட்டது. கல்லடியில் அண்ணன் முட்டளவு தண்ணீரில் நின்றான். அம்மாவின் பாயில் விரிக்கிற தடித்த விரிப்பை அலசிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா அப்பா? சாமியார் கழுவினாரா?" என்று கேட்டான். குத்தலாக அல்ல, உண்மையாகவே கேட்டான்.

"கழுவினார்" என்றார் அப்பா.

அண்ணன் விரிப்பைத் தூக்கினான். அதை முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு தலைப்பை என் பக்கம் நீட்டினான். என் கைக்கு அது பாரம். வழக்கம்போல நழுவி மணலில் விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் அலசப் போட்டான்.

அப்பா தன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீருக்குள் இறங்கினார்.

"அதைத் தா இஞ்ச."

"வேணாம் அப்பா. ஆக்கள் வாறாங்க."

ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இராத்திரி ஆராதனைக்கு முன் சாப்பிட்டுவிட்டு வர வீட்டுக்குப் போகிற ஆண்கள், கழுவின காலோடு பத்துப் பதினொரு பேர், பின்னால் பெண்கள், முன்னால் மூப்பர். பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு துணியைக் கல்லில் போட்டுத் துவைக்கக் கூடாது, அது ஆண்டவரை அடிக்கிற மாதிரி என்பது ஊர்ச்சட்டம்.

"தா எண்டு சொன்னன்" என்றார் அப்பா.

மூப்பர் வழியில் நின்றார். அவருக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள்.

"என்ன ஓடாவியார் இது? பெரிய வியாழனும் அதுவுமா?"

அப்பா தலைப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தார். அண்ணன் இடப்பக்கம் முறுக்கினான், அப்பா வலப்பக்கம். கயிறு மாதிரித் திரண்டு தண்ணீர் கொட்டியது.

"ஓம் மூப்பர்" என்றார் அப்பா. "பெரிய வியாழன்தான்."

யாரும் அசையவில்லை. பெரியம்மா அந்தக் கூட்டத்தில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றா. அப்பா அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முறுக்கின விரிப்பை என் தோளில் போட்டுவிட்டு அண்ணனிடம் கேட்டார்.

"இன்னும் எத்தினை இரிக்கி மனே?"

"நாலு."

"எடு."